பதினோரு வீடுகள் விடுபட்ட கவிதை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சூப் குடித்துத் தட்டுகளை ஒதுக்கிய பிறகு, தெக்லா சமையலறை மேசைமேல் வரைபடத்தை விரித்தாள். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் நான்கு ஜாம் பாட்டில்களை வைத்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

ஸாக்ரெப் நகரில் அவள் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தின் வரைபடம் அது. அந்த மலையில் இருக்கும் ஒவ்வொரு வீடும் அதில் ஒரு கறுப்புச் சதுரம். பாதிச் சதுரங்களை அவளே அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்து போய் அளந்திருந்தாள்.

"ட்ரெனா எங்கம்மா இருக்கு?" என்றார் அப்பா.

"இதோ. பதினோரு வீடு. அறுநூத்திப் பன்னெண்டு மீட்டர் உயரம்."

"அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

ஜனவரியில், ஏசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் திருநாள் முடிந்ததும், சாமியாரான அப்பா வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும். யாவோர் கோவில் பங்கில் ஒன்பது சிற்றூர்கள், எழுபத்தைந்து வீடுகள், மூன்று நாள் வேலை. கோவிலடியில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போய் உச்சியில் ட்ரெனாவில் முடிப்பது வழக்கம். தெக்லா சிவப்புப் பென்சிலால் அந்த வழியைத் தலைகீழாகப் போட்டாள். முதல் நாள், முதல் வீடு, ட்ரெனா.

"நாப்பது வருஷமா கீழ இருந்துதான் மேல போயிருக்கேன்."

"வினையே அதுதாம்பா. இந்தத் தடவை மேல இருந்து கீழ வாங்க."

"யாவோர்க்காரன் கோவிச்சுக்குவான்."

"கோவிச்சுக்கட்டும். அவங்க பேரு ஏற்கெனவே உங்க கவிதையில இருக்கு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாவோருக்கு எட்டு வரி இருக்கு. நாலைப் பிடுங்கி ட்ரெனாவுக்குக் குடுங்களேன். யாரு எண்ணப் போறா?"

"எண்ணுவாங்க, ஸோர்க்கா," என்றார் அப்பா. வரைபடத்தின் ஓரத்தில் தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்: வியாழன். காலை எட்டு. ட்ரெனா. குடிக்கக் கூடாது. கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். தெக்லா நாலு மணி பஸ்ஸைப் பிடித்து நகரத்துக்குத் திரும்பினாள்.

அப்பாவும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று போட்டாயிற்று. "ஒரு பூட்ஸு போட எவ்வளவு நேரம்? கவிதை எழுதறீங்களா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். பதில் இல்லை. எழுதுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். எழுதும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்பது அந்த வீட்டில் நாற்பது வருஷப் பழக்கம். பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்து பார்த்தாள்.

*

தெக்லாவின் அப்பா சிரில் ஹெராக் ஒரு மாவு மில்காரரின் ஏழாவது பிள்ளை. ஆறு பேருக்கு மில்லில் வேலை இருந்தது. ஏழாவதுக்கு இல்லாததால் குருமடத்துக்கு அனுப்பினார்கள். அந்த மலைச் சாமிகள் போப்பாண்டவருக்குக் கீழ்ப்பட்டவர்கள்தான். ஆனால் பூசை கிரேக்க முறை, கல்யாணமும் செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, குருப்பட்டத்துக்கு முன்பே கட்டிக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆயர், அதாவது பிஷப், அவரைக் கூப்பிட்டு, ஈஸ்டருக்குள் பெண் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். ஈஸ்டருக்கு அறுபத்தொரு நாள் இருந்தது.

அறுபத்தொரு நாளில் ஐம்பதைக் கவிதை எழுதியே செலவழித்தார். மிச்சமிருந்த பதினோரு நாளில் வண்டிக்காரர் மகள் ஸோர்க்காவைச் சந்தித்து அதை வாசித்துக் காட்டினார். பதினெட்டுப் பத்தி. நம் நதிகள், நம் மலைகள், நம் வீரர்களின் எலும்புகள். ஸோர்க்கா முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

"அஞ்சாவது பத்தியில."

"அது ஸாவா நதி இல்ல?"

"உங்க சாயல்ல எழுதினது."

வெள்ளம் வந்து இரண்டு கரையையும் அரித்துத் தின்னும் பத்தி அது. இருந்தும் அவரைக் கட்டிக்கொண்டாள். இவரைத் திருத்த ஓர் ஆயுள் போதும் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொல்வாள். போதவில்லை.

அவர் எழுதியதெல்லாம் தாய்நாட்டைப் பற்றித்தான். சீஸ் பலகாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவந்தால்கூட மூன்றாவது வாக்கியத்தில் முன்னோர்கள் வந்துவிடுவார்கள். பிரசங்கத்தில் நோன்பைப் பற்றித் தொடங்குவார். துருக்கியரைத் துரத்தி முடிப்பார். நடுவில் ஆண்கள் தூங்குவார்கள். துரத்தும் இடத்தில் குரல் உயரும், எல்லாரும் விழித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

போர்க்காலத்தில் நான்கு படைகள் அந்த மலையைக் கடந்தன. ஒவ்வொன்றும் அவரிடம், நீ யார் பக்கம் என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் பதிலாகத் தன் கவிதையை முதலிலிருந்து வாசித்தார். எந்தப் படையும் நாலாவது பத்திக்கு மேல் தங்கவில்லை. குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கடலைப் பற்றிப் பதினேழு வயதில் எழுதினார். கடலைப் பார்த்தது அறுபத்திரண்டு வயதில். தெக்லா பஸ்ஸில் அழைத்துப் போனாள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நெடுநேரம் தண்ணீரில் நின்றார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நான் எழுதினது இன்னும் கொஞ்சம் நீலம்."

"மாத்திடலாமே?"

"அச்சாயிடுச்சும்மா. இனிமே கடல்தான் அனுசரிச்சுப் போகணும்."

*

ட்ரெனா விவகாரம் புரிய வேண்டுமானால் அவர் குடித்த விதம் தெரிய வேண்டும்.

மந்திரிக்கப் போகும் வீட்டில் பிளம்ஸ் சாராயம் ஒரு சிறு கிளாஸ் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் அந்த வீட்டுச் சாராயம் மட்டம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் குடித்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. எனவே எல்லா வீட்டிலும் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் ட்ரெனாவுக்கு முன்னால் பத்தொன்பது வீடு. கிளாஸுக்கு முப்பது மில்லி. தெக்லா கல்லூரியில் சேர்ந்த வருஷம் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஐந்நூற்று எழுபது. இரண்டாம் முறை போட்டபோதும் அதே விடைதான் வந்தது.

மற்றவர்கள் குடித்தால் தள்ளாடுவார்கள். சிரில் சாமி நிமிர்ந்துவிடுவார். முதுகு நேராகும், குரல் தெளியும், நடையில் ஆயரிடம்கூட இல்லாத ஒரு கம்பீரம் வரும். குடித்திருக்கிறார் என்று ஸோர்க்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளைக் கூட்டத்தில் பார்த்து, "அம்மணி, சௌக்கியமா?" என்று கேட்டால் அவள் புரிந்துகொள்வாள்.

ஆகவே ட்ரெனாக்காரர்கள் கண்டது வருஷாவருஷம் ஒரு மகானைத்தான். பதினோரு வீட்டையும் மந்திரித்துவிட்டு, கடைசியாக யாந்த்ரே வீட்டு நாற்காலியில் உட்காருவார். தலை பின்னால் சாயும். கண் உத்தரத்தைப் பார்த்து நிலைக்கும். ஒரு மணி நேரம் அசையமாட்டார். "சாமி பரவசத்துல இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று யாந்த்ரே எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். மற்ற எந்த ஊரிலும் சாமிக்குப் பரவசம் வருவதில்லை. ட்ரெனாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

யாந்த்ரே தச்சர். அந்தப் பங்கிலேயே நல்ல குரல் அவருக்குத்தான். கோவிலில் வாத்தியம் கிடையாது. பூசை முழுக்கத் தொண்டைதான். அவர் எடுத்துக்கொடுத்தால்தான் கூட்டம் பாடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் வருஷம் அப்பா தன் பெரிய கவிதையை முடித்தார். "நம் மலை". ஊருக்கு நாலு வரி, கோவில் இருக்கும் யாவோருக்கு மட்டும் எட்டு, ஒவ்வொரு நாலு வரியிலும் அந்த ஊரில் அவர் கண்ணால் பார்த்த மூன்று உண்மைகள். இந்த ஊற்று, அந்த ஆப்பிள் மரம், இன்னார் வீட்டு இரும்புக் கதவு. அதற்கு அவர் கையாண்ட முறை எளிது. நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, வீடு மந்திரிக்கப் போகும் வழியை மனத்துக்குள் நடப்பார். பார்ப்பதை எழுதுவார். முதல் நாள் வழி வந்தது. இரண்டாம் நாள் வந்தது. மூன்றாம் நாள் பத்தொன்பதாம் வீடுவரை, கொஞ்சம் கலங்கலாக, வந்தது. அதோடு வழி முடிந்தது. கவிதையும் முடிந்தது.

கார்லொவாட்ஸ் நகரில் முந்நூறு பிரதி அச்சடித்தார்கள். எலியா தீர்க்கதரிசி திருநாளில், பூசை முடிந்து, எலுமிச்சம்பூ வாசம் அடிக்கும் லிண்டன் மரத்தடியில் ஆடுகள் நெருப்பில் சுழன்றுகொண்டிருக்க, அவர் வாசித்தார். தங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் அந்த ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசிக் கத்துவது அங்கே பழக்கம். முதலில் யாவோர்த் தொப்பிகள் பறந்தன. அடுத்து மற்றவை. எட்டு ஊர்த் தொப்பியும் பறந்து விழுந்தன. யாந்த்ரே தொப்பியைக் கழற்றி, கையைப் பின்னால் ஓங்கி, வீசத் தயாராக நின்றார். அப்பா புத்தகத்தை மூடிவிட்டு வணங்கினார்.

யாந்த்ரே அப்படியே சிறிது நேரம் நின்றார். பிறகு தொப்பியைத் தலையில் போட்டார். பதினோரு வீட்டுச் சனமும் அவர் பின்னால் மலையேறிப் போயிற்று. ஆடு பாதிகூட வேகவில்லை. வேகாத ஆட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் விஷயம் சாதாரணம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"ட்ரெனாவ மறந்துட்டீங்க," என்றாள் ஸோர்க்கா.

"இல்ல. ட்ரெனா..." என்று தொடங்கிய அப்பா புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

முந்தைய வருஷம் மணிக்கூண்டு பழுது பார்க்க ட்ரெனா ஆள் அனுப்பவில்லை. மணிச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை, எங்களுக்கு எதற்கு என்று சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் சாமி பழி வாங்கிவிட்டார் என்று இப்போது பேச்சு பரவியது. உண்மையைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் பரவசம் போய்விடும். "பேரையும் குடுக்கல, பரவசத்தையும் பிடுங்கிக்கவா?" என்றார் அப்பா. சொல்லவில்லை.

*

அடுத்த குளிர்காலத்தில் தாய்நாட்டுக் கவிதைகள் எழுதியவர்களைத் தேடிப் போலீஸ் வந்தது. நகரத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் கவிதை முழுவதையும் படித்திருந்தார். அதுவரை அதை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்பதில் அப்பாவுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

"ஊத்து, மரம், கதவு எல்லாம் எழுதியிருக்கீங்க. பதினோரு வீட்டைக் காணோம். ஏன்?"

"மறந்துட்டேன்."

"நாய்க்குட்டி பேரு முதக்கொண்டு எழுதினவரு, ஊரையே மறந்தீங்களா? அங்க யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

மிச்சமிருந்த பிரதிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றார். பிரதிகளை ஸோர்க்கா ஏற்கெனவே கிழித்து ஜாம் பாட்டில்களின் வாயில் கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டரின் ஆட்கள் அறுபத்து மூன்று பாட்டில்களின் வாயைப் பிரித்தார்கள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி," என்றாள் ஸோர்க்கா. "ஆனா வேற காயிதம் கட்டிட்டுத்தான் போகணும். ஈ வரும்."

கட்டிவிட்டுத்தான் போனார்கள். ட்ரெனாவைக் கண்காணிக்க ஒரு போலீஸ்காரரை இரண்டு வருஷம் அங்கே போட்டுவைத்தார்கள். அவருக்குச் சாப்பாடு போட்டது பதினோரு வீடும்தான். வந்தபோது ஒல்லி, போகும்போது புது பெல்ட் வாங்கினார். கவிதையில் நாலு வரி இல்லாததற்குத் தண்டனையாக ஒரு போலீஸ்காரரையும் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருந்ததை ட்ரெனா மறக்கவில்லை.

அவர்கள் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த லத்தீன் முறைக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகத் தொடங்கினார்கள். வீடு மந்திரிக்கவும் அங்கிருந்தே சாமி வந்தார். யாவோரில் யாந்த்ரேயின் இடத்தில் தபால்காரர் பாடினார். எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்தில், மூக்கால் பாடினார். "தந்தி அடிக்கற மாதிரி இருக்கு," என்றாள் ஸோர்க்கா. ஈஸ்டர் பூசை முக்கால் மணி நேரம் சீக்கிரம் முடிந்ததில் சிலருக்குச் சந்தோஷம். அப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி, யாந்த்ரே நிற்கும் தூணைப் பார்ப்பார். தெக்லா அதைப் பார்ப்பாள். பத்து வருஷத்தில் அவர் பிரசங்கம் குறுகிவிட்டது. துருக்கியர்கள் பல ஞாயிறுகள் துரத்தப்படாமலே தப்பினார்கள்.

நாலு வரி எழுத முடியாதா என்று கேட்டால், முடியவில்லை.

"ஆப்பிள் மரம்னு எழுதுங்க. எந்த ஊர்ல இல்ல?" என்பாள் ஸோர்க்கா.

"பார்க்காததை எழுத மாட்டேன்."

"கடலைப் பார்த்துட்டா எழுதினீங்க?"

"கடல் கோவிச்சுக்காது, ஸோர்க்கா."

எழுபத்தாறில் தெக்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். அளவை வேலைக்கு வந்தவள், எதிர்ச் சரிவில் தியோடலைட் என்ற அளவைத் தொலைநோக்கியை நிறுத்தி, ட்ரெனாவுக்குக் குறிவைத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றரைக் கிலோமீட்டர். தெளிவான வானம். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தலைகீழாத் தெரியுதேம்மா."

"பழைய கருவிப்பா. அப்படித்தான் தெரியும்."

"யாந்த்ரே வானத்துல நடக்கறான்." சிறிது நேரம் பார்த்தார். "கூரை கீழ இருக்கு. புகை கீழ போகுது. இதை எப்படி எழுதறது?"

"மனசுல திருப்பிக்கோங்க."

"திருப்பினா அது நான் பார்த்தது இல்லையே," என்று விலகிவிட்டார். கண்ணாடியின் மினுக்கத்தைப் பார்த்த ட்ரெனாக்காரர்கள், போலீஸ் மறுபடியும் வந்துவிட்டது என்று பன்றித்தொடைகளை எல்லாம் ஒளித்துவைத்தார்களாம்.

இந்தக் குளிர்காலத்தில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. லத்தீன் சாமி பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ட்ரெனாவை மந்திரிக்க ஆளில்லை. யாந்த்ரே தபால்காரரிடம் சொல்லியனுப்பினார்: "கையில நாலு வரி இருந்தா சாமி வரட்டும். இல்லேன்னா, தண்ணி எங்க ஊத்துலயும் இருக்கு."

அப்பா அதை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கே தெக்லாவுக்குப் போன் செய்தார். வரைபடத்தை எடுத்துக்கொண்டு வா என்றார்.

*

அவர் அங்கி உள்பையில் இருந்த காகிதத்தை அம்மாதான் எடுத்தாள். உடம்பைக் கழுவி உடுத்தும்போது. படிக்காமல் தெக்லாவிடம் கொடுத்தாள். "தாய்நாடா இருக்கும். நீ படி, என்னால இப்ப முடியாது," என்றாள்.

மூன்று வரி இருந்தது. தெக்லா மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்தாள்.

யாவோரில் குழி வெட்டுவதும் பெட்டி தூக்குவதும் ஊர்முறை. ஊருக்கு ஒரு சாவு என்று வரிசையாக வரும். கடைசிச் சாவு பிளெஷ் ஊர்க்காரர்கள் முறை. அடுத்தது ட்ரெனா. பத்து வருஷமாக ட்ரெனா முறை வரும்போதெல்லாம் அடுத்த ஊர் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடும். இந்த முறையும் அடுத்த ஊரான மேல்யாவோர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி ஏற்கெனவே பாதி வெட்டியிருந்தது. உள்ளே யாந்த்ரேயின் தலை தெரிந்தது.

"எங்க முறை," என்றார் யாந்த்ரே.

உறைந்த மண். ஆறு பேர் மாறி மாறி வெட்டினார்கள். பெட்டியையும் அவர்கள்தான் தூக்கினார்கள். பக்கத்துப் பங்குச் சாமி பூசை வைத்தார். தபால்காரர் பாட வாயைத் திறந்தார். தூணருகே இருந்து வேறு ஒரு குரல் எழுந்தது. பத்து வருஷம் முகட்டுக்கு அந்தப் பக்கம் பாடிய குரல். தபால்காரர் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசை வழக்கமான நீளத்துக்குத் திரும்பியது. முழங்கால் வலிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பெட்டியை இறக்கிய பிறகு சனம் சாவுச்சோற்றுக்குக் கீழே போயிற்று. மண் தள்ள ட்ரெனாக்காரர்கள் நின்றார்கள். தெக்லாவும் நின்றாள். யாந்த்ரே மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"எழுதினாராம்மா?"

"மூணு வரி."

"நாலாவது?"

"இல்ல." பிறகு, அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாததால், நேராகச் சொன்னாள். "மாமா, ஒரு விஷயம் சொல்லணும். அது பரவசம் இல்ல. குடிச்சிருந்தாரு. பத்தொன்பது கிளாஸ். அதனாலதான் உங்க ஊரு அவருக்கு ஞாபகமே இல்ல. மணிக்கூண்டுக்காக இல்ல."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முப்பது," என்றார் யாந்த்ரே.

"என்னது?"

"எங்க ஊர்ல பதினொண்ணு. கடைசி கிளாஸ் ஊத்தினவன் நான், எனக்குத் தெரியாதா? பரவசத்துல இருக்கறவரு குறட்டை விடுவாராம்மா?"

தெக்லா கேட்டாள்: "அப்ப ஏன் கோவம்? பத்து வருஷம்?"

"மறந்ததுக்கா கோவம்? குடிச்சா எவன்தான் மறக்க மாட்டான். எங்கிட்ட வந்து, 'யாந்த்ரே, போதையில இருந்தேன், உங்க ஊரு கண்ணுல படல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிட்டு ஆட்டைத் தின்னிருப்போம். சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பார்த்தோம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவரு கால்ல இருந்து பூட்ஸக் கழட்டி, பசங்களைத் துரத்தி, வருஷா வருஷம் மானத்தைக் காப்பாத்தியிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் மத்த ஊர்க்காரங்ககிட்டப் பரவசம்னுதான் சொல்றோம். நாளைக்கும் அதான் சொல்லுவோம். நீயும் உளறிடாத."

"சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு அவரு நெனச்சாரு."

"நாங்க, தெரியும்னு சொன்னா அவரு மனசு கஷ்டப்படும்னு நெனச்சோம்," என்றார் யாந்த்ரே. குழியைப் பார்த்தார். "நல்லா இருக்கு, ரெண்டு பக்கமும். சரி, படி."

தெக்லா காகிதத்தைப் பிரித்தாள். அவளுக்குக் கவிதை வாசிக்கத் தெரியாது. அளவுக் குறிப்பு வாசிப்பதுபோல் ஒரே குரலில் வாசித்தாள்.

"ட்ரெனாவே, உன்னை நான் நின்று பார்த்ததில்லை;
உன் உத்தரத்தில் ஒரு மரக்கணு மட்டும் தெரியும்,
என் பாவம் அறிந்தும் சொல்லாத மாட்டுக்கண்போல;"

அரைப்புள்ளிக்குப் பிறகு வெற்றிடம்.

"வந்து பார்த்துட்டு நாலாவதை எழுதறதா இருந்தாரு போலிருக்கு," என்றாள்.

அந்தக் கணு எங்கள் வீட்டு உத்தரத்தில்தான் இருக்கிறது என்பதுபோல் யாந்த்ரே மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். பெட்டி இறங்கும்போது கழற்றிய தொப்பி இன்னும் அவர் இடது கையில் இருந்தது. அதை வலது கைக்கு மாற்றினார். கையைப் பின்னால் ஓங்கி, வானத்தில் வீசினார். வயதான கை, தொப்பி உயரமாகப் போகவில்லை. காற்று அதைத் திருப்பியது. நேராகக் குழிக்குள் விழுந்து பெட்டிமேல் தட்டென்று உட்கார்ந்தது.

ஆறு பேரும் குழியை எட்டிப் பார்த்தார்கள்.

"குச்சி எடுத்துட்டு வரவா?" என்றார் ஒருவர்.

"விட்றா. குளிர்காலம்," என்றார் யாந்த்ரே.

தெக்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வியாழனிலிருந்து வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. இரண்டையும் நிறுத்தத் தெரியாமல் அங்கேயே பனியில் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் அவளைப் பார்க்காத மாதிரி மண்ணைத் தள்ளினார்கள்.

முடித்துவிட்டுக் கிளம்பும்போது யாந்த்ரே வெறுந்தலையோடு நின்றார். "புதுச் சாமி எப்ப வருவாரு?"

"தவக்காலத்துக்குள்ள வருவாருன்னு சொன்னாங்க."

"வீடெல்லாம் மந்திரிக்காமக் கெடக்கு," என்றார். யாரிடமும் குறை சொல்வதுபோல் இல்லை. மலையேறிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் இருந்தாள். சாவுச்சோற்றுக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாசல் பெஞ்சுக்கடியில் பூட்ஸ்கள் இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் கயிறு கட்டியபடியே இருந்தது. ஆணியில் தீர்த்தக் குப்பி, புதன்கிழமை நிரப்பியது, தளும்பத் தொங்கியது. பக்கத்தில் தெளிப்பதற்காகக் கட்டிய துளசிக் கொத்து காய்ந்துகொண்டிருந்தது. ஜாம் பாட்டில்களை எடுத்துவிட்டதால் மேசைமேல் வரைபடம் பாதி சுருண்டிருந்தது. தெக்லா அதைக் கையால் விரித்துப் பிடித்தாள். சிவப்புக் கோடு உச்சியில் தொடங்கி, வீடு வீடாகக் கீழே இறங்கியது. ஓரத்தில் அவர் கையெழுத்து.

வியாழன். காலை எட்டு. ட்ரெனா.